காகிதத்தில் முந்திப் பெய்த மழை

தில்சரி தாபா மகருக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே கனவு காண வரும். பெருமைக்குச் சொல்லவில்லை. காத்மாண்டுவில் அவளோடு ஒரே வங்கியில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் இதனால் அவதிப்பட்டவர்கள்தாம். கடன் கோப்பைப் புரட்டிக்கொண்டே இருப்பாள். விரல் ஒரு பக்கத்தின் மேல் நின்றுவிடும். பார்வை ஜன்னலைத் தாண்டி, எதிர்க் கட்டடத்தையும் தாண்டி எங்கேயோ போய்விடும். டீ ஆறி ஆடை கட்டிவிடும். "தில்சரி ஜி எங்க?" என்று மேலாளர் கேட்டால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளையே காட்டி, "இப்பதான் வெளிய போனாங்க சார்" என்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். எதற்குச் சிரித்தோம் என்று பிறகு யோசிப்பாள்.

ஆனால் வேலையில் குறை சொல்ல முடியாது. கோழிப்பண்ணை, லாரி, வீடு, செங்கல் சூளை எல்லாவற்றுக்கும் கடன் கேட்டு வந்த கோப்புகள் அவள் கையில் சத்தமில்லாமல் ஒழுங்குக்கு வந்துவிடும். எங்கேயோ போன பார்வை திரும்பி வரும்போது வெறுங்கையோடு வராது என்று அவளுடைய கணவன் கேம்ராஜ் சொல்வான். அவன் அப்படித்தான் சொல்லியாக வேண்டும், கட்டிக்கொண்டவன் ஆயிற்றே.

பிறகு ஆறுகளின் காலம் வந்தது. நேபாளத்தில் ஓடை வைத்திருந்த ஊர்க்காரர்கள்கூட மின்சாரம் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். வங்கியில் கோழியைத் தெரிந்தவர் உண்டு, லாரியைத் தெரிந்தவர் உண்டு, ஆற்றுக்குக் கடன் கொடுக்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. யாராவது ஒருவரை மின்துறை நிதிப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வகுப்போ குளிர்காலத்தில், காலை ஆறு மணிக்கு. ஆளாளுக்கு முதுகுவலியும் மாமியார் நோயும் வந்தன.

"நீங்க போங்க தில்சரி ஜி," என்றார் மேலாளர். "இங்க உக்காந்து காணுற கனவை அங்க போய்க் காணுங்க. சர்டிபிகேட்டாவது கிடைக்கும்."

அவள் தலையாட்டினாள். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வகுப்பு லலித்பூரில், சானேபாவில் ஒரு பழைய வீட்டு மாடியில். மங்சிர் மாதப் பனிமூட்டத்தில், நம் கார்த்திகையில், அந்த வீதி காலையில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெண்மையிலிருந்து வெளியே வரும், பின்னால் மறுபடி வெண்மைக்குள் போகும். தில்சரிக்கு அந்த நடை மிகவும் பிடித்துப் போயிற்று. உலகம் முழுவதும் தன்னைப் போலவே அரைத்தூக்கத்தில் இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மாடியில் கேஸ் ஹீட்டரைச் சுற்றி எல்லோரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வங்கிக்காரர்கள், மின்சார அலுவலகத்துக்காரர்கள், இரண்டு பத்திரிகைக்காரர்கள். மடிக்கணினி வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நீலமாக இருக்கும்.

பாடம் எடுத்தவர் ராஜ்கர்ணிகார் மிஸ். சின்ன உருவம், பெரிய குரல். முதல் நாளே கேட்டார்: "இங்க நீர்மின் கம்பெனிப் பங்கு வாங்காதவங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"எனக்கும் இருக்கு. அப்ப இந்த ரூம்ல நடுநிலையான ஆளே கிடையாது. நல்லது, ஆரம்பிக்கலாம்."

அவருடைய முறை வித்தியாசமானது. பாடப் புத்தகத்து உதாரணம் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தங்கள் அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும் உண்மையான கோப்பு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். கற்றுக்கொள்வதையெல்லாம் அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். கடைசி வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று, கடன் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு அந்தக் குறிப்பு அப்படியே அலுவலகத்துக்குப் போகும்.

தில்சரி கொண்டுவந்த கோப்பு ஹுர்தி கோலா. அவள் பிறந்த ஊர் ஆறு.

அவளுடைய தம்பி நர்ஜித்தான் அந்த ஊரின் சரோகார் சமிதித் தலைவன். கம்பெனிக்காரர்கள் வந்தால் பேரம் பேசவும், வராவிட்டால் போய் இழுத்துக்கொண்டு வரவும் ஊர் ஒன்று கூடி அமைத்த குழு அது. பத்து வருஷத்துக்கு மேலாக அவன் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கியிருக்கிறான். அவனுக்கு மின்சாரத்தின் மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கம்பெனி வந்தால் லாரி போகிற மாதிரி ஒரு பாலம் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தது. அவன் மனைவிக்கு முதல் பிரசவ வலி எடுத்தபோது சாவன் மாதம், நடு மழைக்காலம். ஹுர்தி கரையை உடைத்துக்கொண்டு போனது. அக்கரையில் ஜீப் நின்றது, இக்கரையில் டோலியை வைத்துக்கொண்டு இவர்கள் நின்றார்கள். மனைவி பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அவன் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பாலத்தில்தான் முடியும்.

வாரம் தவறாமல் போன் வரும். "அக்கா, நம்ம ஆறு பாசாயிடுச்சா?"

"இன்னும் பரீட்சையே வைக்கலடா."

"நீ வாத்தியாரம்மாவுக்கு ரெண்டு கிலோ நெய் வாங்கிக் குடு. நான் காசு அனுப்புறேன்."

"அடி வாங்குவே."

அவளும் அந்தப் பாலத்தைக் கண்ணால் பார்த்திருந்தாள். வகுப்பில் மிஸ் வட்டி விகிதம் பேசிக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல எழும்பி நிற்கும். பச்சைக் கைப்பிடி, இரண்டு பக்கமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் நின்று கீழே எச்சில் துப்பி அது விழுவதைப் பார்க்கும் நர்ஜித். நாற்பது வயதுக்காரனுக்கு அவள் கனவில் பத்து வயது.

கோப்பும் நல்ல கோப்புதான். மின்சாரம் வாங்கும் ஒப்பந்தத்தில் இரண்டு விலை உண்டு. மழைக்காலத்தில் எல்லா ஆறும் ஓடும், எல்லோரும் மின்சாரம் கொண்டுவந்து கொட்டுவார்கள், விலை குறைவு. வறட்சி மாதங்களில் விலை ஏறக்குறைய இரண்டு பங்கு. அந்த நல்ல விலை மங்சிர் பாதியில் ஆரம்பித்து, மழைக்கு முந்திய ஜேட் மாதம் பாதி வரைக்கும். கோப்பின் கணக்கில் ஹுர்தி அந்த நல்ல விலைக் காலத்தில் நன்றாகவே சம்பாதித்தது. தவணை கட்டி, மீதியும் வந்தது.

பக்கத்து நாற்காலி நிரௌலா. மின்சார அலுவலகத்தில் விலை நிர்ணயிக்கும் பிரிவு. எதைப் பார்த்தாலும் ஏதாவது கிண்டல் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. அடுத்த மாதமான பூஸில் ஒரு காலை, தோளுக்கு மேலாக எட்டி அவள் கணக்குத் தாளைப் பார்த்தார்.

"உங்க ஆறு பலே ஆறு தில்சரி ஜி."

"ஏன்?"

"எங்க ஆறெல்லாம் விலை குறைஞ்ச பெறகுதான் எந்திரிக்குது. உங்களுது விலை இருக்கும்போதே எந்திரிச்சு, பல்லு விளக்கி, கடைக்கு வந்துடுது. மார்வாடி வீட்டு ஆறா?"

அவள் சிரித்தாள். சிரித்தபடியே ஜன்னலைப் பார்த்தாள், போய்விட்டாள்.

ஜேட் மாதத் தொடக்கம். வெயில் வெள்ளையாக அடிக்கிறது. ஹுர்தியின் படுகை முழுக்க உருண்டைக் கற்கள், காயப்போட்ட துணி மாதிரி வெளுத்துக் கிடக்கின்றன. எருமைகள் ஆற்றின் நடுவில் நின்று தண்ணீர் தேடுகின்றன. அம்மா குடத்தை வைத்துவிட்டு மணலைக் கையால் தோண்டுகிறாள். மேற்கே மலைக்குப் பின்னால் எங்கேயோ இடி முழங்குகிறது, அவ்வளவுதான், வரவில்லை. இன்னும் வரவில்லை. நாற்றங்கால் போட்டுவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவள் திரும்பி வந்தபோது மிஸ் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தார். தாளில் ஜேட் மாதத்துக் கட்டம் கண்ணெதிரே இருந்தது. அதில் ஆறு நிரம்பி ஓடியது.

ஜேட் என்பது நம் வைகாசி. மே நடுவில் பிறந்து ஜூன் நடுவில் முடிகிற மாதம். ஆற்றை அளந்த என்ஜினியர் ஆங்கில மாதத்தில் அளந்திருந்தார். விலையை எழுதியவர்கள் நேபாளி மாதத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டையும் ஒட்டவைத்த யாரோ ஒரு புண்ணியவான், ஜேட் மாதத்துக்கு ஜூன் மாதத் தண்ணீரை முழுசாக ஊற்றிவிட்டான். ஒரே சுவரில் இரண்டு காலண்டர் மாட்டி வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தத் தவறு வரும். காகிதத்தில் மழை அரை மாதம் முந்திப் பெய்துவிட்டது, அதுவும் விலை இறங்குவதற்கு முன்னால்.

வீட்டில் தனியாக உட்கார்ந்து தண்ணீரை அதனதன் இடத்தில் திருப்பி வைத்துப் பார்த்தாள். நல்ல விலையின் கடைசி வாரங்கள் காய்ந்துவிட்டன. வருமானம் தவணையைத் தொடவில்லை. ஏதாவது தப்பாகப் போட்டோமா என்று மறுபடி போட்டாள். தப்பில்லை.

பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். கேம்ராஜ் தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிடுவான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நிரௌலாவே கிண்டலோடு விட்டுவிட்டார். பாலம் வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஜேட் மாதத்தில் இயந்திரம் தண்ணீருக்காக வாயைப் பிளந்து நிற்கும். தவணை தவறும். கம்பெனி ஊருக்கென்று ஒதுக்கும் பங்கை ஊர்க்காரர்கள் ஆட்டை விற்றாவது வாங்குவார்கள், அதெல்லாம் வெறும் தாளாகிவிடும். தலைவன் என்று நர்ஜித் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். சொன்னால், பாலத்தை அவளே கையால் பிரித்துப் போட்ட மாதிரி. இரண்டுமே அவளுக்குக் கண்முன் தெரிந்தன. கனவு காணத் தெரிந்தவளுக்கு இது ஒரு தண்டனைதான், மற்றவர்களுக்கு இப்படி இரண்டு பக்கமும் துல்லியமாகத் தெரியாது.

கடைசி வகுப்பு வந்தது. பனிமூட்டம் மாடி ஜன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. அவள் முறை வந்ததும் எழுந்து போய் நின்றாள். ஆற்றின் பெயர், அளவு, செலவு, எல்லாம் சொன்னாள். "ஆகவே இதற்குக் கடன்" என்று படித்தவள் நிறுத்திவிட்டாள். பார்வை ஜன்னலுக்குப் போனது.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மிஸ், அவங்க வெளிய போயிருக்காங்க."

மிஸ் சிரிக்கவில்லை. "தில்சரி, என்னாச்சு?"

"மழை அரை மாசம் முந்திப் பெஞ்சிருக்கு மிஸ்."

"எங்க?"

"காகிதத்துல."

அவள் அந்தக் கட்டத்தைத் திரையில் காட்டினாள். நான்கைந்து பேர் அவசரமாகத் தங்கள் கோப்பைத் திறந்து ஜேட் மாதத்தைத் தேடினார்கள். நிரௌலா தலையில் அடித்துக்கொண்டார். "பல்லு விளக்கி வந்த ஆறுன்னு சொன்னேனே! என் கண்ணு முன்னாடியே இருந்துச்சே!"

"இன்னொண்ணும் சொல்லணும் மிஸ்," என்றாள் தில்சரி. "இது என் ஊரு ஆறு. சமிதித் தலைவர் என் தம்பி. நான் முதல்லயே சொல்லியிருக்கணும்."

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப குறிப்பை நீங்க எழுதக்கூடாது. உங்க பேங்குல வேற ஆளுகிட்டக் குடுத்துடுங்க."

"குடுத்துடறேன். யாரு எழுதினாலும் அரை மாசம் அரை மாசந்தானே."

டீ இடைவேளையில் நிரௌலா சேல் ரொட்டியைக் கடித்துக்கொண்டே அவள் கணினியை இழுத்து வைத்துக்கொண்டார். இயந்திரத்தின் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டுப் பார்த்தார். பாதிக்கும் கொஞ்சம் கீழே வந்தபோது வருமானம் தவணையைத் தொட்டுக் கணக்கு நின்றது. "பாருங்க, நிக்குது. உங்க ஆறு நல்ல ஆறுதான். சின்ன ஆறு, அவ்வளவுதான்." அவர் கிண்டலில்லாமல் பேசியது அந்தப் பயிற்சியில் அது ஒரு தடவைதான்.

மாக மாதப் பிறப்பு வந்தது, நம் தைப் பிறப்பு நாள். தில்சரியின் மகர் இனத்தார் வீட்டில் அன்று கட்டிக்கொடுத்த பெண்ணைக் கூப்பிட்டு மரியாதை செய்யாமல் விடமாட்டார்கள். நர்ஜித் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தான். அவள் பையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு, குளிர்காலத்துக்குப் போட்டிருந்த மூங்கில் பாலத்தில் முன்னால் நடந்தான். "இன்னும் ரெண்டு வருஷம். அப்பறம் நீ ஜீப்லயே வீட்டு வாசல்ல வந்து எறங்குவ. மழை நாள்லகூடப் புடவை நனையாது, ஒண்ணும் நனையாது."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் அவளைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்து, நெற்றியில் திலகம் வைத்து, வேகவைத்த காட்டு வள்ளிக்கிழங்கையும் நெய்யையும் எள்ளுருண்டையையும் தட்டில் போட்டு, தானும் எதிரில் உட்கார்ந்தான். அவள் ஒரு வாய் சாப்பிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் கேட்டு முடிக்கும் வரைக்கும் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே இருந்தான். உரித்த கிழங்கை அவள் தட்டில்தான் வைத்தான்.

"ஆக, காத்மாண்டுல போய்ப் படிச்சு, நம்ம ஆத்தைப் பாதியாக்கிட்டு வந்திருக்க."

"அது எப்பவும் அவ்வளவுதான்டா."

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்ல?"

"இருந்திருக்கலாம்."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது. அஞ்சாறு வருஷத்துல ஊரே உன் வாசல்ல வந்து நின்னிருக்கும். அதை என்னால பாக்க முடியாதுடா."

"சின்ன மிஷினுக்குப் பாலம் போடுவானா?"

"தெரியலடா."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? போடுவான்னு சொல்லு. பொய்யாவது சொல்லேன்."

அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டான். மறுநாள் அவளைப் பஸ் ஏற்றிவிட வரவில்லை. அவன் மனைவிதான் பை நிறையக் கிழங்கு கட்டிக் கொடுத்தாள், "கோவம் போயிடும் அண்ணி, விடுங்க" என்றாள். காத்மாண்டு வரைக்கும் தில்சரி அழுதுகொண்டேதான் வந்தாள். பக்கத்து சீட்டுக்காரர் பஸ் குமட்டல் என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

வங்கியில் வேறொருவர் குறிப்பு எழுதினார். கோப்பு கம்பெனிக்குத் திரும்பிப் போனது, இயந்திரத்தைச் சின்னதாக்கி மறுபடி கொண்டுவரச் சொல்லி. கம்பெனி வருமா, வேறு ஆறு பார்த்துப் போய்விடுமா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் நர்ஜித்தைப் பார்த்துச் சிலர் வாய்விட்டே கேட்டார்களாம், "உங்க அக்கா இருக்கறது பேங்கா, போலீஸ் ஸ்டேஷனா?" இதுவும் மனைவி மூலம்தான் வந்தது. அவனிடமிருந்து போன் இல்லை. வாரம் தவறாமல் ஒலித்த போன் மாக மாதம் முழுக்க, பாகுன் முழுக்க, சைத் முழுக்க, பைசாக் முழுக்கச் சும்மா கிடந்தது. தில்சரி அதை எதிரில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தாள். இப்போது அவள் கனவில் பாலமும் வருவதில்லை, நர்ஜித்தும் வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் எதிர்க் கட்டடம்தான் தெரிந்தது.

ஜேட் மாதத்தில் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் எல்லோரும் சாப்பாட்டை முடித்து மயக்கத்தில் இருந்த நேரம், போன் ஒலித்தது. திரையில் தம்பி பெயர். அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நர்ஜித்?"

காற்றுதான் கேட்டது. அதற்குள்ளே எங்கேயோ, கற்களுக்கு நடுவில், யாரோ தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி மெல்லிய சத்தம் ஒன்று.

"என்னடா அது? எங்க இருக்க?"

"கேக்குதா அக்கா?" என்றான்.

"ஒண்ணும் பெரிசாக் கேக்கலியே."

"ஆமா. கேக்காது. இன்னைக்கு ஜேட் பத்து. நம்ம ஆத்துக்கு நட்ட நடுவுல நிக்கிறேன். செருப்புகூடக் கழட்டல."

தில்சரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தச் சின்ன ஆற்றைக் கேட்டபடி நின்றாள். அவனும் வைக்கவில்லை.